பண்ணைக் கணக்கும் கணிப்பொறி மென்பொருள் உரிமமும்

சாகுபடிச் செலவு எவ்வளவு என்று தெரியாமல், விளைபொருளுக்குக் கிடைத்த விலை கட்டுபடியாயிற்றா இல்லையா என்று சொல்ல இயலாது. இதனை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். முன்பெல்லாம் நாட்குறிப்பிலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வந்த பண்ணைக் கணக்கு, இப்பொழுது பல வீடுகளில் கணிப்பொறிக்கு மாறி வருகிறது. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ கட்டம் போட்டுக் கொடுக்க, விதை, உரம், கூலி, வண்டி வாடகை என்று வரிசையாகப் பதிந்து விடுகிறோம். கூட்டலைக் கணிப்பொறியே செய்து விடுகிறது. ஆனால் அந்தக் கணக்கை எழுத உதவும் மென்பொருள் யாருக்குச் சொந்தம், எந்த நிபந்தனையின் பேரில் அது நம் வீட்டில் இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை.

வேளாண்மை இதழில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். எங்கள் வீட்டில் நடந்ததைக் காணும் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் தமையனார் மஞ்சளும் கரும்பும் பயிரிடுபவர். எங்கள் கிணறு மூன்று பங்காளிகளுக்குப் பொது. மோட்டார் காயில் கட்டுவது, குழாய் மாற்றுவது, தூர் வாருவது ஆகிய செலவுகளை அவரே முன்னின்று செய்து, ஆண்டுக்கு ஒரு முறை பங்குனியில் கணக்குக் காட்டிப் பிரித்துக் கொள்வது வழக்கம். 2018-ஆம் ஆண்டில் பழைய கணிப்பொறி ஒன்றை விலைக்கு வாங்கி, இந்தக் கணக்கையும் மஞ்சள் கணக்கையும் அதில் எழுதத் தொடங்கினார். விற்ற கடைக்காரர் 'ஆபீஸ்' மென்பொருளையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மாசி மாதத்தில், 'இந்தப் பிரதி உண்மையானதன்று' என்ற அறிவிப்பு திரையில் வரத் தொடங்கியது. சில நாட்களில் கோப்பைத் திறக்க முடிந்ததே தவிர, எழுத முடியவில்லை. கடைக்காரரிடம் கொண்டு போனதும், அவர் நச்சுநிரல் தடுப்பை அணைத்துவிட்டுச் சிறு நிரல் ஒன்றை ஓட்டிச் சரிசெய்து கொடுத்தார். பதினைந்து நாட்களுக்குள் கணிப்பொறியில் இருந்த எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிவிட்டன. எதுவும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் திறந்து தருவதாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திரையில் இருந்தது.

"தம்பி, கணக்கு முச்சூடும் போச்சுடா. பங்காளிக கிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டபோது, முதுகலை படித்த எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல வேளையாக அண்ணி, ஆட்கூலியை மட்டும் தனியே ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தார். பழைய கோப்பின் நகல் ஒன்று என் மின்னஞ்சலில் கிடந்தது. இவற்றைக் கொண்டு ஓரளவு சரிக்கட்டினோம். கிணற்றுச் செலவில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு உரிய கணக்கு மீளவில்லை. பங்காளிகள் அண்ணன் சொன்ன தொகையை ஏற்றுக் கொண்டார்கள். ஆயினும் அந்த ஆண்டு முதல் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்கிறார்கள். முன்பு கேட்டதில்லை.

மென்பொருளை வாங்குவது என்றால் என்ன?

மண்வெட்டி வாங்கினால் மண்வெட்டி நமக்குச் சொந்தம். அதை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், காம்பை மாற்றலாம். மென்பொருள் அவ்வாறன்று. பணம் கொடுத்து வாங்கும்போது நமக்குக் கிடைப்பது அதனைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இந்த அனுமதிக்கே உரிமம் என்று பெயர். குத்தகை நிலத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நிலத்தில் விளைந்த மஞ்சள் குத்தகைதாரருடையது, நிலம் அவருடையதன்று. நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது குத்தகைச் சீட்டில் இருக்கும். அதுபோல நீங்கள் எழுதிய கணக்கு உங்களுடையது. எழுத உதவிய மென்பொருள் நிறுவனத்துடையது. நிபந்தனைகள் யாவும், நிறுவும்போது நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் அந்த நீண்ட பக்கத்தில் இருக்கின்றன.

நம் நாட்டில் மிகுதியாகப் புழங்கும் மைக்ரோசாப்ட் ஆபீசை எடுத்துக் கொள்வோம். வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் ஆகியவை இதில் அடங்கும். இதன் உரிமம் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு முறை பணம் கட்டி ஒரு கணிப்பொறியில் வைத்துக் கொள்வது ஒரு வகை. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆபீஸ் 2024' இவ்வகையைச் சேர்ந்தது. இதற்குக் காலக்கெடு இல்லை. ஆனால் புதிய பதிப்பு வந்தால் அது இதில் சேராது. பாதுகாப்புத் திருத்தங்களும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. அவை இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை.

மற்றொரு வகை ஆண்டுச் சந்தா. வீடுகளுக்கு இது 2013-ஆம் ஆண்டில் 'ஆபீஸ் 365' என்ற பெயரில் வந்தது. 2020 முதல் 'மைக்ரோசாப்ட் 365' என்று வழங்குகிறது. பணம் கட்டும் வரையில் எல்லா வசதியும் உண்டு. சந்தா தீர்ந்து சலுகை நாட்களும் கடந்துவிட்டால், உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம்; புதிதாக எழுதவோ திருத்தவோ இயலாது. கிடங்கில் உள்ள மூட்டைகளை எண்ணிப் பார்க்கலாம், புதிய மூட்டையை அடுக்க முடியாது என்பது போன்ற நிலை. குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பகிர்ந்து கொள்ளலாம் என்பதால், படிக்கும் பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் இது ஓரளவு கட்டுபடியாகலாம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் கணக்குப் பார்க்கும் சிறு உழவருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

புதிய மடிக்கணினி வாங்கும்போது, 'ஆபீஸ் உள்ளது' என்று சொன்னால் அது எவ்வகை என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு மாத வெள்ளோட்டப் பிரதியைக் காட்டியே விற்று விடுவதுண்டு. சில கணிப்பொறிகளுடன் நிலையான உரிமமே வருகிறது. அதுவும் அந்தக் கணிப்பொறியோடு பிணைந்தது. வேறொன்றுக்கு மாற்ற இயலாது. 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்' என்று பெயர் கொண்ட 2021 வரையிலான பதிப்புகள் வீட்டுப் பயனுக்கு மட்டுமே உரியவை. வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தராது. ஆகவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டு வந்த கணிப்பொறியில் இத்தகைய பதிப்பைக் கொண்டு நிறுவனத்தின் கொள்முதல் கணக்கை எழுதி வருவது முறையாகாது.

திருட்டுப் பிரதியால் விளையும் தீங்கு

உரிமம் இல்லாத பிரதியைத் திருட்டுப் பிரதி என்கிறோம். கடைகளில் 'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று கூறிச் சேர்த்துத் தருவது பெரும்பாலும் இதுதான். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் உரிமக் குறியீடுகளும் பல வேளைகளில், ஒரு பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாக வழங்கப்பட்டவை வெளியே கசிந்து வந்தவை. அவை எந்த நாளிலும் செல்லாமல் போகலாம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புப் போலவே இச்சட்டம் பாதுகாக்கிறது. உரிமமற்ற பிரதி என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 இலட்சம் வரை அபராதமும் விதிக்க 63-பி பிரிவு வகை செய்கிறது. இலாப நோக்கமோ வணிக நோக்கமோ இல்லையெனில், நீதிமன்றம் தக்க காரணம் காட்டிச் சிறையைத் தவிர்த்து ரூ.50,000-க்கு உட்பட்ட அபராதத்தோடு விடலாம். வீட்டில் கணக்கு எழுதும் உழவரைத் தேடி யாரும் வரப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையாகவே இருக்கட்டும். என் கவலை வேறு.

திருட்டுப் பிரதியை ஓட வைக்கும் 'கிராக்' எனப்படும் நிரல், முதலில் கேட்பதே நச்சுநிரல் தடுப்பை அணைக்கச் சொல்லித்தான். வேலியைப் பிரித்துவிட்டுக் காவலையும் அனுப்பிவிட்ட தோட்டம் போல் ஆகிவிடுகிறது கணிப்பொறி. அதை எழுதியவர் யார், அதற்குள் வேறு எதை வைத்திருக்கிறார் என்பது போட்டுக் கொடுக்கும் கடைக்காரருக்கே தெரியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல்கள் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. சான்று பெறாத விதையை விலை மலிவு என்று வாங்கி, முளைக்காமல் போனால் ஒரு பருவம் போகிறது. இங்கே போவது கடந்த பருவங்களின் கணக்கு.

கட்டற்ற மென்பொருள்

பணமும் கட்டாமல், சட்டத்தையும் மீறாமல் இதே வேலைகளைச் செய்து கொள்ள வழி உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பது அதன் பெயர். இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சில மென்பொருள்கள் விளம்பரம் காட்டும். சில வசதிகளைப் பூட்டி வைத்துப் பின்னர்ப் பணம் கேட்கும். நாளை நிபந்தனையை மாற்றவும் செய்யும். கட்டற்ற மென்பொருளில் நான்கு உரிமைகளை எழுத்திலேயே தந்து விடுகிறார்கள். எந்தப் பணிக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றி அமைத்து அதனையும் கொடுக்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-இல் இவ்வியக்கத்தைத் தொடங்கினார்.

உழவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. நல்ல விதையை அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும், அவர் அதில் தேர்வு செய்து மேம்படுத்தி நமக்கே திருப்பித் தருவதும் தொன்றுதொட்டு வருவதுதானே. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட இரகமாயினும் உழவர் அதன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. இதில் ஒரு வேடிக்கை. மென்பொருள்காரர்களின் கட்டற்ற உரிமத்தைப் பார்த்து, அதே முறையில் விதைகளைக் கட்டற்றதாக வெளியிடும் முயற்சி ஒன்று 2012-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. விதைக்காரர்கள் மென்பொருள்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்!

வீட்டுக் கணிப்பொறிக்கு ஏற்றது 'லிப்ரே ஆபீஸ்' என்னும் தொகுப்பு. இதன் வேர் ஜெர்மனியில் உள்ளது. 1985-இல் அங்குத் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தின் ஸ்டார் ஆபீசை, 1999-இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் நிரல் மூலத்தைப் பொதுவில் வெளியிட்டு 'ஓபன் ஆபீஸ்' என்று பெயரிட்டது. 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அடுத்து என்ன ஆகுமோ என்று அஞ்சிய நிரலாளர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நிரல் மூலத்தை எடுத்துக்கொண்டு தனியே வந்து லிப்ரே ஆபீசைத் தொடங்கினார்கள். உரிமையாளர் மாறியும் மென்பொருள் பயனாளர் கையைவிட்டுப் போகாமல் நின்றதற்கு அந்த நான்கு உரிமைகளே காரணம். ஓபன் ஆபீஸ் என்ற பெயரிலும் ஒன்று இன்னும் கிடைக்கிறது. அதில் புதுமைகள் சேர்வது மிகவும் மெதுவாக உள்ளதால் லிப்ரே ஆபீசையே பரிந்துரைக்கலாம்.

இதில் வேர்டுக்கு ஈடாக ரைட்டர், எக்செல்லுக்கு ஈடாக கால்க், பவர்பாயிண்டுக்கு ஈடாக இம்ப்ரெஸ் உள்ளன. பண்ணைக் கணக்குக்கு வேண்டியது கால்க். எக்செல்லில் எழுதும் கூட்டல், சராசரி ஆகிய சூத்திரங்களை அப்படியே இதிலும் எழுதலாம். எக்செல் கோப்பைத் திறக்கும், எக்செல் கோப்பாகவே சேமிக்கவும் செய்யும். பட்டியல்களைத் தமிழில் காட்டும்படியும் அமைத்துக் கொள்ளலாம். வீடு, கடை, சங்கம், நிறுவனம் என்ற வேறுபாடு உரிமத்தில் இல்லை. எத்தனை கணிப்பொறியில் வேண்டுமானாலும் நிறுவலாம்.

மாறும் முறை

முதற்கண், இப்போது உள்ள கோப்புகள் அனைத்தையும் பென்டிரைவில் நகல் எடுத்து, அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வைத்துக் கொள்ளவும். இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். கணிப்பொறியிலேயே செருகி வைத்த பென்டிரைவ், பூட்டும் நச்சுநிரல் வந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். திருட்டுப் பிரதி இருந்தால் அதனை நீக்கி, நச்சுநிரல் தடுப்பை மீண்டும் இயக்கி, கணிப்பொறி முழுவதையும் ஒரு முறை சோதிக்கவும். பிறகு லிப்ரே ஆபீசை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் வேறு தளங்களை நம்ப வேண்டாம். இரண்டு பதிப்புகள் காட்டப்பட்டால் சற்று முந்தையதை எடுங்கள். அது கூடுதலாகச் சோதிக்கப்பட்டது. பணம் தருமாறு ஒரு பக்கம் வரும். அது நன்கொடைக்கானது, தராவிட்டாலும் இறங்கும்.

2025 ஆகஸ்டில் வந்த 25.8 பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இது இயங்குவதில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 தேவை. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி பல உழவர் வீடுகளில் உள்ளது. அவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற கட்டற்ற இயங்குதளமும் சேர்த்துத் தரப்பட்டது. அந்தப் பக்கத்தைத் திறந்தே பாராதவர்கள் ஏராளம். இத்தகைய பழைய கணிப்பொறிகளில் புதிய லினக்ஸ் ஒன்றை, எடுத்துக்காட்டாக லினக்ஸ் மின்டை, நிறுவினால் லிப்ரே ஆபீஸ் அதனுடனேயே வந்து விடுகிறது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணிப்பொறி வைத்திருப்போரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். பழகிய ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்வது நலம்.

பழைய கோப்பைத் திறந்ததும் தமிழ் எழுத்துகள் உருமாறி, பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். குறை லிப்ரே ஆபீசில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு அது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணிப்பொறியிலும் அப்படித்தான் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே இனி எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதி வாருங்கள். அதற்குரிய தமிழ் 99 விசைப்பலகை இன்றைய விண்டோசிலும் லினக்சிலும் உடன் வருகிறது.

குறைகளும் உண்டு

எல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வேர்டில் அழகுபடுத்தி எழுதிய கடிதம் ரைட்டரில் திறக்கும்போது வரி கூடிக் குறைந்து, பக்கம் தள்ளிப் போகலாம். வங்கிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும் ஆவணத்தை பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பினால் இத்தொல்லை இல்லை; அதற்குரிய பொத்தான் மேலேயே உள்ளது. மேக்ரோ எனப்படும் உள்நிரல் கொண்ட எக்செல் படிவங்கள் கால்க்கில் சரிவர இயங்காமல் போவதுண்டு. வரிக் கணக்குப் படிவங்களில் இத்தகையன உள்ளன. ஆகவே அத்தகைய படிவங்களை அடிக்கடி நிரப்ப வேண்டிய உற்பத்தியாளர் நிறுவனம், ஒரே ஒரு கணிப்பொறிக்கு மட்டும் உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, ஏனைய கணிப்பொறிகளில் லிப்ரே ஆபீசைப் பயன்படுத்தலாம்.

சேமிக்கும் வடிவம் பற்றி ஒரு சொல். கால்க் தானாகச் சேமிப்பது ஓ.டி.எஸ். என்ற வடிவில். இது 2006-இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு ஏற்ற திறந்த வடிவத்தைச் சேர்ந்தது. எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் திறக்கக்கூடியது. உங்கள் சொந்தக் கணக்கை இதிலேயே வைத்துக்கொண்டு, பிறர் எக்செல்லில் கேட்டால் 'வேறாகச் சேமி' என்பதன் வழியாக ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள்.

கூகுள் டாக்ஸ், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றையும், மைக்ரோசாப்டின் இணையவழி ஆபீசையும் காசின்றிப் பயன்படுத்தலாம். கைப்பேசியிலேயே எழுதலாம் என்பதும், பம்பாயிலோ துபாயிலோ உள்ள மகன் அதே கணக்கைப் பார்க்கலாம் என்பதும் இவற்றின் நன்மைகள். ஆனால் இவை கட்டற்றவை அல்ல. கணக்கு நம் வீட்டில் இல்லை. கடவுச்சொல்லை மறந்தாலோ நிறுவனம் விதியை மாற்றினாலோ நாம்தான் அலைய வேண்டும். இவற்றை இரண்டாவது நகலாக வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது.

எங்கள் வீட்டில் இப்போது அண்ணன் கால்க்கில் எழுதுகிறார். மாதக் கடைசியில் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து அண்ணியிடம் கொடுத்து விடுகிறார். அது அரிசிப் பானைக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. கிணற்றுக் கணக்கை மட்டும் பி.டி.எப். ஆக்கி மூன்று பங்காளிகளுக்கும் கைப்பேசியில் அனுப்புகிறார். அண்ணி இன்னமும் கூலியைத் தம் நோட்டில்தான் எழுதுகிறார். அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.